விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பணியாளர் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளும், விமானம் ஏறப் பயப்படும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் ஐந்தாவது கேள்வியையும், ஹீலியோஸ் என்ற விமானத்தின் விபத்தைச் சொல்லும் பதினோராவது கேள்வியையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. விமானத்துக்குள் காற்றழுத்தத்தை எதற்காகக் கட்டிக் காக்க வேண்டும்?

பெரிய ஜெட் விமானங்கள் சாதாரணமாக 33,000 முதல் 40,000 அடி உயரத்தில் பறக்கின்றன. எவரெஸ்ட் சிகரமே 29,032 அடிதான். அந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு தரையில் இருக்கும் அதே 21 சதவீதம்தான், அது குறைவதில்லை. குறைவது அழுத்தம். 35,000 அடியில் வெளியே இருக்கும் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. நுரையீரலில் இருந்து ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது அந்த அழுத்தம்தான். அது இல்லாவிட்டால் எவ்வளவு இழுத்து இழுத்து மூச்சு விட்டாலும் ரத்தத்துக்குப் போதிய ஆக்சிஜன் வந்து சேராது.

அதனால் என்ஜினிலிருந்து எடுக்கும் அழுத்தக் காற்றைக் குளிர்வித்து உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போயிங் 787 மட்டும் இதற்குத் தனி மின் கம்ப்ரசர் வைத்திருக்கிறது. உள்ளே வந்த காற்று வெளியேறுவதற்கு உடலின் பின்பகுதியில் ஒரு வால்வு உண்டு. அதை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். விளைவாக, விமானம் 38,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் நமக்கு 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மூச்சு எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படித்தான் விமானத்திலும் இருக்கும்.

உள்ளே அதிக அழுத்தம், வெளியே குறைவு. இந்த வித்தியாசம் விமானத்தின் உடலில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்தரை டன் அளவு விசையோடு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பலூனை ஊதி வைத்தது போல. ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்கும் விமானம் ஆறு தடவை ஊதி, ஆறு தடவை சுருங்குகிறது.

2. அழுத்தம் எப்படியெல்லாம் போகும்?

ஒரே அடியாகப் போகலாம், சில விநாடிகளில் போகலாம், யாருக்கும் தெரியாமல் மெல்லக் கசிந்தும் போகலாம்.

ஒரே அடியாகப் போனதற்கு 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸ் 243-க்கு நடந்ததைச் சொல்லலாம். 24,000 அடியில் அந்த போயிங் 737-இன் முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்கு அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. தீவுக்குத் தீவு தாவும் குட்டிப் பயணங்களில் அது ஏறக்குறைய 90,000 தடவை ஊதிச் சுருங்கிய விமானம். உலோகம் களைத்து விரிசல் விட்டிருந்தது.

1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பி 17,300 அடிக்கு ஏறியபோது கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி கழன்று போனது. முந்தைய நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 தேவையான தடிமனைவிட மெல்லியவை, மீதி ஆறும் நீளம் குறைந்தவை. கேப்டன் டிம் லான்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி அலஸ்டேர் அட்சிசன் விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். லான்காஸ்டர் பிழைத்து, பின்னர் மறுபடியும் விமானம் ஓட்டினார்.

மெல்லக் கசிவதும், ஆரம்பத்திலிருந்தே அழுத்தம் ஏறாமல் போவதும் வேறு ரகம். சத்தம் இருக்காது, ஓட்டை இருக்காது. எனக்கு உண்மையில் பயம் தருவது இந்த ரகம்தான்.

3. திடீரென்று போனால் உள்ளே இருப்பவருக்கு என்ன தெரியும்?

முதலில் 'டமார்' என்று ஒரு சத்தம். அடுத்து உள்ளே முழுக்க வெண்மையாகப் பனிமூட்டம். இதைப் பார்த்துப் பலர் தீப்பிடித்துவிட்டது என்று அலறுவார்கள். அது புகை இல்லை. அழுத்தம் சட்டென்று குறைந்ததும் காற்று குளிர்ந்து, அதிலிருந்த ஈரம் துளித்துளியாகிவிடுகிறது. சில விநாடிகளில் கலைந்துவிடும். தூசி, பேப்பர், தலையணை எல்லாம் ஓட்டை இருக்கும் பக்கமாகப் பறக்கும். வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே இருக்கக்கூடும் என்பதால் குளிர் குத்தும். காது அடைக்கும் அல்லது வலிக்கும். குடலில் இருக்கும் வாயு விரிவதால் வயிறு உப்பும். நுரையீரலிலிருந்தும் காற்று தானாக வெளியே பாயும், அப்போது மூச்சை அடக்கிப் பிடிக்கக் கூடாது.

4. எவ்வளவு நேரம் நினைவு இருக்கும்?

நினைவு தப்பும் நேரத்தைவிட முக்கியமான இன்னொரு கணக்கு விமானத் துறையில் உண்டு: தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்ளும் அளவுக்குப் புத்தி எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்பது. 18,000 அடியில் இருபது, முப்பது நிமிடம் கிடைக்கும். 25,000 அடியில் மூன்று முதல் ஐந்து நிமிடம். 30,000-த்தில் ஒன்று முதல் இரண்டு நிமிடம். 35,000 அடியில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். 40,000 அடியில் பதினைந்து, இருபது விநாடிதான். அழுத்தம் திடீரென்று போனால் இந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இதெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கு. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் பணியாளருக்கு இன்னும் குறைவு. வேலை செய்யும் தசை ஆக்சிஜனை வேகமாகத் தின்றுவிடும்.

5. ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டுமே, எனக்கே தெரியாதா?

தெரியாது. வகுப்பில் இந்த ஒரு விஷயத்தைப் புரியவைக்கத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது ஒரு தவிப்பு வரும் அல்லவா? அந்தத் தவிப்பை முக்கியமாக உண்டாக்குவது ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவது அந்த மணியைப் பெரிதாக அடிப்பதில்லை. உயரத்தில் நீங்கள் இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும். எனவே மூச்சுத் திணறல் வராது, தவிப்பு வராது. பலருக்கு மாறாக ஒரு சுகமான மிதப்பு வரும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, என்னால் எதையும் செய்ய முடியும் என்று தோன்றும். விரல் நுனிகள் குறுகுறுக்கும், நகமும் உதடும் நீலம் பாயும், பார்வையின் ஓரம் மங்கும், பேச்சு குழறும், கணக்கு தப்பும். தப்புகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான் முதலில் கெடுகிறது.

பெங்களூரில் இந்திய விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் காற்றழுத்தத்தைக் குறைக்கும் அறை இருக்கிறது. இப்படிப்பட்ட அறைகளில் விமானிகளை உட்காரவைத்து, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, ஒரு காகிதத்தில் பெயர் எழுதுவது, எளிய கழித்தல் கணக்குப் போடுவது என்று ஏதாவது வேலை கொடுப்பது வழக்கம். கொஞ்ச நேரத்தில் எழுத்து கோணலாகும், பிறகு கிறுக்கலாகும். அப்போதும் ஆள் சிரித்துக்கொண்டிருப்பார். "மாஸ்க்கைப் போடு" என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் தலையாட்டுவார், ஆனால் கை அசையாது. மாஸ்க் போட்டுவிட்டால் சில விநாடிகளில் தெளிந்துவிடுவார். தான் எழுதியதைப் பிறகு பார்க்கும்போதுதான் அவருக்கே திக்கென்று இருக்கும்.

"முதலில் உங்கள் மாஸ்க்கைப் போடுங்கள், பிறகு குழந்தைக்குப் போடுங்கள்" என்ற அறிவிப்பு சுயநலம் கற்பிப்பதாக ஒரு அம்மா என்னிடம் கோபப்பட்டார். கோபம் நியாயமானதுதான், பெற்ற மனசு அப்படித்தான் சொல்லும். ஆனால் திமிறி அழும் குழந்தைக்கு மாஸ்க் மாட்ட அரை நிமிடம் ஆனால், அந்த அரை நிமிடத்தில் அம்மாவின் கை தடுமாறத் தொடங்கிவிடும். அப்புறம் இரண்டு பேருக்கும் மாஸ்க் இல்லை. அம்மா முதலில் போட்டுக்கொண்டால், குழந்தை ஒரு கணம் மயங்கினாலும் அவரால் அதற்கு மாஸ்க் மாட்ட முடியும், குழந்தையும் தெளிந்துவிடும். இதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

6. விமானிகள் முதலில் என்ன செய்வார்கள்?

மாஸ்க். வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் மாஸ்க்.

அவர்களுடைய மாஸ்க் நம்முடையது போல மஞ்சள் கிண்ணம் அல்ல. பக்கவாட்டில் ஒரு பெட்டியில் இருக்கும். ஒரே கையால் எடுத்து ஐந்து விநாடிக்குள் மாட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. பிடியை அழுத்தினால் அதன் பட்டைகள் காற்று நிரம்பி விரியும், தலையில் போட்டு விட்டால் கவ்விக்கொள்ளும். நூறு சதவீத ஆக்சிஜன் வரும், உள்ளேயே மைக்கும் இருக்கும்.

அடுத்து, இரண்டு விமானிகளும் ஒருவருக்கொருவர் பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சொல்வதற்கு எளிது, காற்று இரைச்சலில் இது பெரிய வேலை. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282-இல் ஏறக்குறைய 16,000 அடியில் கதவு இருக்க வேண்டிய இடத்தை மூடியிருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனபோது, காக்பிட் கதவே திறந்துகொண்டது. அழுத்தம் போனால் அந்தக் கதவு அப்படித் திறக்கும்படி செய்யப்பட்டது என்பது அந்தப் பணியாளர்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

பிறகு அழுத்தக் கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்ப்பார்கள். வால்வை மூடி அழுத்தத்தை மீட்க முடியுமா? முடியாதென்றால் அவசர இறக்கம். என்ஜின் விசையை முழுவதும் குறைத்து, இறக்கைமேல் இருக்கும் வேகத்தடைப் பலகைகளை நிமிர்த்தி, மூக்கைத் தாழ்த்துவார்கள். "மேடே" என்ற அவசர அழைப்பைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்லி, ரேடாருக்கு விமானத்தின் அடையாளத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்ற அவசர எண்ணைப் போடுவார்கள். கீழே வேறு விமானங்கள் பறக்கலாம் என்பதால் நெரிசலான வழித்தடத்தில் கொஞ்சம் விலகியும் இறங்குவார்கள்.

விமானத்தின் உடல் உடைந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் வேகத்தைக் கூட்டமாட்டார்கள். இந்த முடிவைச் சில விநாடிக்குள் எடுக்க வேண்டும். தெளிவான மூளை இல்லாமல் எடுக்க முடியாத முடிவு இது. அதனால்தான் மாஸ்க் முதலில்.

7. விமானம் விழுவது போல இருக்குமா?

இருக்கும். சாதாரணமாக நிமிடத்துக்கு இரண்டாயிரம் அடி அளவில் இறங்கும் விமானம், இப்போது ஐந்தாயிரம், ஏழாயிரம் அடி என்று இறங்கும். மூக்கு கீழே சாயும், இறக்கை அதிரும், என்ஜின் சத்தம் அடங்கிப்போகும். பயணிக்கு அது விழுவதாகவே தெரியும், அறிவிப்பு செய்ய விமானிக்கு நேரமும் இருக்காது. 35,000 அடியிலிருந்து 10,000 அடிக்கு நான்கைந்து நிமிடம். அந்த நிமிடங்களில் மாஸ்க்கை மூக்கோடு அழுத்திப் பிடித்து மூச்சு விட்டுக்கொண்டிருங்கள், போதும்.

8. ஏன் 10,000 அடி? கீழே மலை இருந்தால்?

10,000 அடியில் மாஸ்க் இல்லாமலே பெரும்பாலோரால் சமாளிக்க முடியும். எனவே அந்த உயரத்துக்கோ, அந்த இடத்தில் மலைகளைத் தாண்ட வேண்டிய பாதுகாப்பான உயரத்துக்கோ, இரண்டில் எது அதிகமோ அதற்கு இறங்குவார்கள்.

இமயமலை, திபெத் பக்கம் பறக்கும்போது சிக்கல் இதுதான். லே விமான நிலையத்தின் ஓடுபாதையே 10,600 அடிக்கு மேல் இருக்கிறது. அப்படிப்பட்ட வழிகளில் 'இந்தப் புள்ளியில் அழுத்தம் போனால் இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இந்தப் பக்கம் திரும்பு' என்று தப்பிக்கும் வழிகளை முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார்கள். சில விமானங்களில் பயணிகளுக்குக் கூடுதல் நேரம் வரும் ஆக்சிஜனும் இருக்கும்.

2018 மே 14 அன்று சோங்கிங்கிலிருந்து லாசாவுக்குப் போன சிச்சுவான் ஏர்லைன்ஸ் 8633-இல் துணை விமானி பக்கத்துக் கண்ணாடி 32,000 அடிக்கு மேலே உடைந்தது. துணை விமானியின் உடல் பாதி வெளியே போய், சீட் பெல்ட்டால் தப்பியது. கருவிகள் பல செத்துவிட்டன. கீழே மலைகள் இருந்ததால் நேராகப் பத்தாயிரத்துக்கு இறங்கவும் முடியவில்லை. அரைக்கைச் சட்டையோடு அந்தக் குளிரில், கைகளாலேயே ஓட்டி, கேப்டன் லியு சுவான்ஜியான் செங்டுவில் இறக்கினார். பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள்.

9. மாஸ்க் விழுந்ததும் பணியாளர்கள் எங்களுக்கு உதவாமல் உட்கார்ந்துகொள்கிறார்களே?

இந்தக் கேள்வியில் ஒரு வருத்தம் இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பதே அதுதான்.

கைக்கு எட்டும் மாஸ்க் எதுவோ அதை உடனே போட வேண்டும். தன் இருக்கைக்கு ஓடக் கூடாது. பக்கத்தில் காலியான சீட் இருந்தால் உட்கார்ந்து பெல்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பயணிகளுக்கு நடுவே நுழைந்து உட்கார வேண்டும், பயணியின் மடியானாலும் சரி. அதற்கும் வழியில்லை என்றால் தரையில் உட்கார்ந்து சீட் காலைக் கட்டிப் பிடிக்க வேண்டும். பயணிகளும் அவர்களைப் பிடித்துக்கொள்ளலாம், தயவுசெய்து பிடித்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியின் பிரேக்கை அழுத்த முடிந்தால் அழுத்த வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டும் கையால் காட்டியும் மாஸ்க் போடச் சொல்வார்கள்.

அலோஹா விமானத்தில் கூரை போனபோது பயணிகள் அனைவரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூரை இல்லாத விமானத்தில் பதின்மூன்று நிமிடம் பறந்து அவர்கள் அனைவரும் உயிரோடு தரை இறங்கினார்கள், பலருக்குக் காயம். உயிரிழந்தவர் ஒருவர்: 37 ஆண்டு அனுபவமுள்ள பணிப்பெண் கிளாராபெல் லான்சிங். அவர் நின்றுகொண்டு பயணிகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். நமக்கு டீ ஊற்றித் தருகிறவர்தான் அந்த விமானத்திலேயே பெல்ட் இல்லாத ஆள் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

இன்னொன்று. விமானம் கீழே வந்தபிறகு நூற்றுக்கணக்கானோரைக் கவனிக்க வேண்டியவர்கள் அந்த நான்கைந்து பேர். அவர்கள் மயங்கிக் கிடந்தால் பிறகு யார் எழுந்து வருவது?

10. மாஸ்க் விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் பக்கம் இழுங்கள். மென்மையாக எடுத்தால் போதாது, கயிறு இறுகும் அளவுக்கு இழுத்தால்தான் உள்ளே ஊசி விலகி ஆக்சிஜன் வரத் தொடங்கும். பெரும்பாலான விமானங்களில் தலைக்கு மேல் இருப்பது சிலிண்டர் அல்ல, சோடியம் குளோரேட் நிரப்பிய சின்ன உருளை. வேதிவினையால் ஆக்சிஜன் உண்டாகிறது. அது சூடாகும், எதோ கருகும் வாசனையும் வரும். பயப்படாதீர்கள். ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாது, சுமார் 12 முதல் 20 நிமிடம்வரை வரும். விமானம் கீழே இறங்க அது தாராளமாகப் போதும்.

மாஸ்க்கோடு தொங்கும் பை உப்பவில்லை என்று பலர் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள். பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வரும். வாயை மட்டும் மூடி மூக்கை வெளியே விட்டுவிடுவது இன்னொரு பெரிய தவறு. அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் 1380-இல் என்ஜின் உடைந்து ஜன்னல் போனபோது பயணிகள் எடுத்த படங்களில் பலர் அப்படித்தான் போட்டிருந்தார்கள். இரண்டையும் மூட வேண்டும்.

பெரும்பாலும் சீட் எண்ணிக்கையைவிட மாஸ்க் அதிகம் இருக்கும், மடிக்குழந்தைக்காக. கழிப்பறையிலும் உண்டு.

11. ஹீலியோஸ் 522-க்கு என்ன ஆனது?

2005 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாக பிராக் நகருக்குப் போக வேண்டிய போயிங் 737-300. உள்ளே 115 பயணிகள், ஆறு பணியாளர்கள்.

அன்று விடியற்காலை வந்த விமானத்தின் பணியாளர்கள், பின்பக்கக் கதவில் ஏதோ சத்தம் வருகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தரைப் பொறியாளர் கசிவு இருக்கிறதா என்று சோதித்தார். அந்தச் சோதனைக்கு அழுத்தக் கட்டுப்பாட்டுத் திருகியை 'ஆட்டோ'விலிருந்து 'மேனுவல்' பக்கம் திருப்ப வேண்டும். சோதனை முடிந்த பிறகும் அது மேனுவலிலேயே நின்றது. கிளம்பும் முன்பும், என்ஜின் இயக்கிய பிறகும், மேலே ஏறிய பிறகும் பார்க்க வேண்டிய பட்டியல்களில் விமானிகளின் கண்ணில் அது படவில்லை.

காலை 9.07-க்குக் கிளம்பினார்கள். பின்பக்க வால்வு கொஞ்சம் திறந்தே இருந்தது. விமானம் ஏற ஏற உள்ளே அழுத்தம் குறைந்துகொண்டே போனது. 12,000 அடியில் எச்சரிக்கை ஹாரன் அடித்தது. அந்த மாடலில் அதே ஹாரன் இன்னொன்றுக்கும் அடிக்கும்: தரையில், இறக்கையின் மடிப்புப் பலகைகள் போன்றவை சரியான நிலையில் இல்லாமல் கிளம்ப முயன்றால். விமானிகள் அதைத்தான் நினைத்தார்கள். பறக்கும்போது அந்த எச்சரிக்கை வர வாய்ப்பே இல்லை என்பது தெளிந்த மூளைக்குத் தெரியும். அவர்களுடைய மூளை அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது.

18,000 அடியைத் தாண்டியபோது பயணிகளுக்கு மாஸ்க் விழுந்தது. விமானிகள் மாஸ்க் போடவில்லை. கேப்டன் ரேடியோவில் கம்பெனியோடு பேசி, கருவிகளைக் குளிரவைக்கும் அமைப்பில் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழுத்தப் பலகை ஆட்டோவில் இருக்கிறதா என்று தரையிலிருந்த பொறியாளர் நேராகவே கேட்டார். பதிலுக்கு கேப்டன், கருவிக் குளிரூட்டலின் மின்துண்டிப்பான்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். உயிர்காக்கும் கேள்வி காதில் விழுந்தும் மூளையில் ஏறவில்லை. 28,900 அடியில் பேச்சு நின்றது.

ஆட்டோ பைலட் அவர்களை 34,000 அடிக்கு ஏற்றி, ஏதென்ஸ் அருகே கொண்டுபோய், வட்டமடிக்கத் தொடங்கியது. இரண்டு கிரேக்க எஃப்-16 போர் விமானங்கள் பக்கத்தில் வந்து பார்த்தன. துணை விமானி சாய்ந்து கிடந்தார், கேப்டன் இருக்கை காலி, பயணிகளின் மாஸ்க்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. அப்போது ஓர் ஆண் பணியாளர் காக்பிட்டுக்குள் நுழைந்து கேப்டன் இருக்கையில் உட்காருவதை ஒரு போர் விமானி பார்த்தார். கையில் எடுத்துச் செல்லும் சிறிய ஆக்சிஜன் சிலிண்டர்களால் அவர் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். அவரிடம் விமானி உரிமமும் இருந்தது, ஆனால் அந்த மாடலுக்கான பயிற்சி இல்லை. ஏறக்குறைய அதே நேரத்தில் எரிபொருள் தீர்ந்து முதல் என்ஜின் நின்றது, பத்து நிமிடத்தில் அடுத்தது. மதியம் 12.03-க்கு கிராமட்டிகோ என்ற ஊருக்குப் பக்கத்து மலையில் விமானம் மோதியது. 121 பேரும் இறந்தார்கள்.

அந்தப் பணியாளரை நினைக்காமல் நான் இந்தப் பாடத்தை நடத்தியதே இல்லை. மாஸ்க் விழுந்து, விமானம் இறங்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் ஏதோ பெரிய தவறு. உடனே காக்பிட்டைக் கூப்பிட வேண்டும், பதில் இல்லையென்றால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். விமானி சொல்லட்டும் என்று காத்திருப்பது அந்த நிலையில் மரியாதை ஆகாது. "விமானம் இறங்கவில்லையே, யார் எழுந்து போவீர்கள்?" என்று வகுப்பில் கேட்பேன். கை தூக்கத் தயங்குகிற பிள்ளைகளிடம் இந்தக் கதையை இன்னொரு தடவை சொல்வேன்.

ஒரே ஹாரன் இரண்டு அர்த்தம் தந்த சிக்கலுக்கு, 737-களில் இரண்டுக்கும் தனித்தனி எச்சரிக்கை விளக்கு வைக்கும்படி அமெரிக்க விமானத் துறை பின்னர் உத்தரவிட்டது.

12. இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் 737-இல், என்ஜினிலிருந்து காற்றை உள்ளே அனுப்பும் சுவிட்சுகள் போடப்படாமலே விமானம் ஏறியது. மாஸ்க் விழுந்தது. 166 பயணிகளில் முப்பது பேருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, சிலருக்குக் காதிலும். விமானிகள் மும்பைக்கே திரும்பி இறக்கினார்கள். ஹீலியோஸ் போலவே இதுவும் ஓட்டையோ உடைப்போ இல்லாத சம்பவம். ஒரு சுவிட்சு, அவ்வளவுதான். விமானிகள் உணர்வோடு இருந்ததால் அது மருத்துவமனையோடு முடிந்தது.

13. கீழே வந்த பிறகு பணியாளர்கள் என்ன செய்வார்கள்?

பாதுகாப்பான உயரம் வந்துவிட்டது என்று விமானி சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. சொன்ன பிறகு, தோளில் மாட்டும் சிலிண்டரோடு நடப்பார்கள். முதலில் காக்பிட், அடுத்து கழிப்பறைகள், ஏனென்றால் உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் வேறு யாருக்கும் தெரியாது. நினைவு தப்பியவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு ஆக்சிஜன் கொடுப்பார்கள். ஓட்டை பக்கத்தில் இருப்பவர்களை வேறு சீட்டுக்கு மாற்றுவார்கள். யாரையும் சிகரெட் பற்றவைக்க விடமாட்டார்கள். தொங்கும் மாஸ்க்கை மேலே திணிக்க முயலாதீர்கள், உருளை இன்னும் சுடும்.

பிறகு கேப்டன் மூத்த பணியாளரைக் கூப்பிட்டுச் சொல்வார்: என்ன நடந்தது, எங்கே இறங்கப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, வேறு என்ன செய்ய வேண்டும். மூத்தவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். இது சடங்கு மாதிரி தெரியும். ஆனால் சற்று முன் எல்லோருடைய மூளைக்கும் ஆக்சிஜன் குறைந்திருந்தது. சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் இருக்க முடியாது.

14. நடுவானில் யாராவது கதவைத் திறந்துவிட்டால்?

பறக்கும் உயரத்தில் திறக்க முடியாது. உள்ளிருக்கும் அழுத்தமே கதவைச் சட்டத்தோடு இறுக்கி வைத்திருக்கும். தரைக்கு மிக அருகில் வந்தபிறகு அந்த இறுக்கம் போய்விடும். 2023 மே 26 அன்று தென் கொரியாவின் டேகு நகரில் ஏசியானா விமானம் ஒன்று இறங்க 700 அடி இருக்கும்போது ஒரு பயணி கதவைத் திறந்துவிட்டார். விமானம் பத்திரமாகவே இறங்கியது.

15. இறங்கிய பிறகு டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

காது வலி, காதில் ரத்தம், கேட்பது மந்தம், தலைசுற்றல், மூட்டு வலி, நெஞ்சு இறுக்கம் இவற்றில் எது இருந்தாலும் அன்றே பாருங்கள். சைனஸ் தொல்லையோ கடுமையான சளியோ இருக்கும்போது அழுத்தம் மாறினால் வலி அதிகமாக இருக்கும். அந்தமான், மாலத்தீவு பக்கம் போய் ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் ஒரு நாளாவது இடைவெளி விட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் நைட்ரஜன், அழுத்தம் குறையும்போது குமிழாகும். அப்படிப்பட்டவர் இருக்கும் விமானத்தில் அழுத்தம் போயிருந்தால், வலி இல்லாவிட்டாலும் இறங்கியவுடன் டாக்டரிடம் டைவிங் செய்ததைச் சொல்லிவிட வேண்டும்.